சட்டத்தின் முன்

சட்டத்தின் முன் எல்லோரும் சமமாம்.
ஓஸே சதுப்புநிலத்துக் கிடங்கில்
சுவரில் சாய்ந்து நிற்கும் ஆறு மரச்சட்டங்களில்
ஒன்றுகூட என் முதுகைக் கேட்டுச் செய்ததில்லை.

முதலாவது பிடரியில் இடித்தது.
அடுத்தது இடுப்பெலும்பைத் தேய்த்து
தோலோடு ஒரு வாரக் கூலியையும் உரித்தது.
இன்னொன்றுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் போக வேண்டும்.

"அரையடி வளர்ந்துவிட்டு வா, சிகுசா"
என்றான் யசுமாசா.
வளரவில்லை.
ரம்பம் எடுத்தேன்.
குறுக்குக் கட்டையை மூன்று விரல் கீழே இறக்கி,
தோள்வாருக்குள்
கிழிந்த டென்ட் துணியை நாலாய் மடித்துத் தைத்தேன்.

இன்று அறுபத்தெட்டு கிலோ:
முட்டைக்கோஸ், மண்ணெண்ணெய், நூற்றியிருபது முட்டை,
உச்சியில்
விடுதியில் யாருக்கோ பிறந்தநாள் கேக்.

எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.
பேச்சைத்தான் நிறுத்திவிட்டது.
ஒன்பது கிலோமீட்டர் பலகைப்பாதை முழுக்க
என் பூட்ஸ் சத்தம்,
தவளை,
பிறகு பூட்ஸ்.

வாசலில் இறக்கிவைத்தேன்.
சமையல்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார்:
கேக்கின் மேல் எழுதிய பெயர்கூடக் கலையவில்லை.

நான்தான்
வெறும் முதுகோடு நிமிர்ந்ததும்
பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல்
சட்டத்தின் முன்
தடுமாறினேன்.