கர்டோசா வகையறா

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
பேனாவுக்கு அனுமதியில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டு
மாதம் ஒரு வெள்ளிக்கிழமை
அரைநாள் விடுப்பில் போகிறேன்.
பதிவேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில்
முதல் தடவை 'ஆராய்ச்சி' என்று எழுதினேன்.
பிறகு 'சொந்த வேலை'.
இப்போதெல்லாம் 'மேற்படி'.

எங்கள் வீட்டில் யாருக்கும்
தாத்தாவுக்கு மேலே ஆள் தெரியாது.
அப்பா சான்றிதழில் கார்டோசா,
அத்தை ரேஷன் அட்டையில் கர்தோஸ்.

கட்டு எடுத்துத் தரும் கோதண்டபாணி
ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"ஆள் கெடச்சாரா மேடம்?"
காணாமல்போனவரைப் பற்றிக்
காவல் நிலையத்தில் விசாரிப்பதுபோல.

கிடைத்தார்கள்.
அதுதான் தொல்லை.

கோட்டையில் துபாஷி ஒருவன்,
லாசரு கர்டோசா.
இரண்டு பக்கமும் காசு வாங்கி
இரண்டு பக்கமும் பாதி மட்டும் சொன்னவன்.
கையெழுத்து மட்டும் அழகு.
கடைசி எழுத்தின் வாலைச் சுழற்றிப்
பாய்மரக் கயிறாய் முடிச்சிட்டிருக்கிறான்.
வீட்டுக்கு வந்து பழகிப் பார்த்தேன்,
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்.

சாராயப் பீப்பாயில் துளை போட்டதற்காகக்
கறுப்பர் பட்டணத்துக் கடைத்தெருவில்
கசையடி வாங்கிய சந்தியாகு கர்டோசா.
எழுதியவன் இருபத்துமூன்றை அடித்துவிட்டு
இருபத்துநான்கு என்று திருத்தியிருக்கிறான்.
அந்த ஓர் அடி
முதுகில் விழுந்ததா, தாளில் மட்டும் விழுந்ததா
என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன்.

முத்தியால்பேட்டையில் வீடு விற்ற விதவை
நத்தாலம்மாள் கர்டோசா.
கிணற்றையும் முருங்கையையும் கொடுத்தவள்
'கொல்லைக் கதவை மட்டும் பெயர்த்துக்கொள்வேன்'
என்று பத்திரத்தில் சேர்த்திருக்கிறாள்.
ஏன் என்று எந்தக் கட்டிலும் இல்லை.
இவள் எங்கள் ஆள்
என்று ஆதாரமில்லாமல் முடிவு செய்தேன்.

அப்புறம் நாற்பத்தொன்றாம் கட்டு.
பூச்சி அரித்த கப்பல் பட்டியல்.
சீலை நூறு கட்டு, உப்பு,
பையன்கள் பதினொருவர்.
உடையவர்: மனுவேல் கர்டோசா.
கீழே பையன்கள்.
ஞானஸ்நானம் கொடுத்த கையோடு
பெயரும் கொடுத்திருக்கிறார்கள்.
பவுலு கர்டோசா.
சூசை கர்டோசா.
தோமா கர்டோசா, உயரம் மூன்றே முக்கால் அடி.

விற்றவனுக்கும் விற்கப்பட்டவனுக்கும்
ஒரே பெயர், ஒரே மை.
நான் எந்த வரியிலிருந்து வந்தேன் என்பதைப்
பெயர் சொல்லவில்லை.
துபாஷியைப்போலப்
பாதியோடு நிறுத்திக்கொண்டது.

பென்சில் முனை ஒடிந்தது.
இல்லை, நான்தான் அழுத்தினேன்.

என் வேலை குடிநீர் வாரியத்தில், பாக்கி வசூல்.
போன வாரம் பெரம்பூரில்
ஓர் இரும்புக் கேட்டில் பித்தளைப் பலகை:
கர்டோசா.
என் அடையாள அட்டையைக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"நாங்க கோவா" என்றார் உடனே,
கைமாற்றுக் கேட்க வந்தவளிடம் சொல்வதுபோல.
"நாங்க..." என்று தொடங்கிவிட்டு
மேலே என்ன சொல்வதென்று தெரியாமல்
"நாலாயிரத்து எழுநூறு பாக்கி சார்" என்றேன்.
ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
செலுத்தியவர் கர்டோசா.
பெற்றுக்கொண்டவர் கர்டோசா.
"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றவர்
அன்றைக்குக் குழாயில் வரவில்லை என்று
கேனிலிருந்து பிடித்துத் தந்தார்.

இந்த வெள்ளி கோதண்டபாணி கேட்டபோது
"ஒரு பையன் கெடச்சிருக்கான்" என்றேன்.
"மூணே முக்கால் அடி."
சிவப்பு நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்
கையை நிறுத்தினார்.
"அய்யோ பாவம்," என்றார்,
"எங்க வச்சிருக்காங்க?"