கிடைக்கவில்லை என்றும் எழுதலாம்

முதல் டப்பாவைத் தப்பாகத்தான் ஒளித்தேன்.
பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலைக்குப் போகும்
செம்மண் சாலையில்,
தோட்டத்தார் ஆந்தைக்கென்று
கம்பத்தில் ஏற்றிவைத்த மரப்பெட்டிக்குள்.
உயரம் சரி. மறைவு சரி. மழை படாது.
எலி பிடிக்கக் குடிவைத்த ஆந்தை
விடியுமுன் வீடு திரும்பி
என் டப்பாவை உதைத்துக் கீழே தள்ளிற்று.
எனக்குக் கிடைத்த முதல் கருத்து அது.
இன்றுவரை அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

ஆகவே, அடுத்து ஒளிக்கப்போகிறவரே,
யார் வீட்டிலும் ஒளிக்காதீர்கள்.
மின்சாரப் பெட்டி வேண்டாம், தண்டவாளம் வேண்டாம்.
மானேஜரிடம் கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன்.
ஊர்பேர் தெரியாதவர்கள் ஆயத்தொலைவு பார்த்து வந்து
டப்பாவைத் தேடி எடுத்து, பேரெழுதி,
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள் என்றேன்.
"இதுல யாருக்கு என்னா லாபம்?"
"ஒண்ணுமில்ல சார்."
நம்பாமலே சம்மதித்தார்.

மிட்டாய் வைக்காதீர்கள்.
முதலில் எறும்பு வரும், அப்புறம் குரங்கு,
அப்புறம் பன்றி.
மூன்றுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது.
பேனா வேண்டாம், இந்த ஈரத்தில்
மூன்றே வாரத்தில் அழுதுவிடும்.
பென்சில்.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள்,
எடுத்ததைவிடக் குறையாமல்.
லிம் செங் ஹுவாட் சாவிக்கொத்தை எடுத்து
சின்ன டார்ச் வைத்தார்.
ரோஸ்னானி டார்ச்சை எடுத்து
போர்ட் டிக்சன் சிப்பி வைத்தாள்.
சிப்பியை எடுத்த யாரோ
டோல் ரசீது வைத்துவிட்டுப் போனார்.
அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதெல்லாம் இரண்டாவது டப்பாவில் நடந்தது.
நான் வேலை பார்க்கும் எடைமேடைக்குப் பின்னால்,
வெட்ட மறந்துபோன ஒற்றைக் கித்தா மரம்.
வேர்ப்பொந்தில் டப்பா, அதன்மேல் தட்டைக் கல்.
தேடுகிறவர்களுக்கு ஒரு நாகரிகம் உண்டு:
ஆள் பார்த்தால் வேறேதோ செய்வதுபோல் இருக்கவேண்டும்.
என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.
குனிவார்கள், மண்டியிடுவார்கள்,
நாலு பக்கமும் பார்ப்பார்கள்,
எழுந்து சிரித்துக்கொண்டே காரேறுவார்கள்.

நான் மட்டுமா பார்த்தேன்?
ஜாகா தில் பகதூரும் பார்த்தான்.
வெளியூர்க் கார்கள் வாராவாரம் வந்து
ஒரே மரத்தடியில் மண்டியிட்டால்
மனுசன் என்ன நினைப்பான்?
ஊதுபத்தி ஒன்று நட்டான்.
மறுவாரம் மஞ்சள் துணி.
குலை லாரி ஓட்டும் பரந்தாமன்
எடை போட வரும்போதெல்லாம் எலுமிச்சம்பழம்.

ஒரு திங்கட்கிழமை நோட்டைத் திறந்தேன்.
"கண்டேன். நன்றி."
"கண்டேன். அட்டை கடித்தது. நன்றி."
அதற்குக் கீழே, அழுத்தி எழுதிய கையில்:
"2716. சனிக்கிழமை மூணாவது பரிசு.
கோடி நன்றி. அடுத்த வாரமும்
கொஞ்சம் பாத்துக்கணும்."

2716, மூடியில் நான் எழுதியிருந்த
அட்சரேகையின் வால்.
கோபப்படத்தான் நினைத்தேன்.
ஆனால் தேதி போட்டிருந்தார்.
நம்பரை எடுத்ததற்கு ஈடாக
அஞ்சு வெள்ளி நோட்டை மடித்துவைத்திருந்தார்.
கல்லை அதே கோணத்தில் மூடியிருந்தார்.
டோல் ரசீதுக்காரர் இவரிடம் படிக்கவேண்டும்.

கடைசிப் பதிவு வங்காள எழுத்தில்.
குலை வெட்டும் ரொஹிமிடம் காட்டினேன்.
"நான் எழுதினதுதான்" என்றான், வெட்கத்தோடு.
எல்லாரும் எதையோ தேடுகிறார்கள் என்று அவனும் வந்தானாம்.
டப்பா கிடைத்தது. அதுதான் தேடுகிற பொருள் என்று
அவனுக்குத் தெரியவில்லை.
"தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல நிழல்"
என்று எழுதிவைத்திருக்கிறான்.

அப்படித்தான் எழுதவேண்டும்.
கிடைக்காததைக் கிடைத்ததென்று எழுதுகிறவர்கள்
இந்த விளையாட்டில் நிறையப் பேர்.

சாமி வந்த இடத்தில் டப்பா இருக்கலாகாது,
மாற்றத்தான் வேண்டும். மாற்றவில்லை.
பென்சிலைச் சீவி வைத்தேன்.
அஞ்சு வெள்ளியைத் தொடவில்லை.
துப்பை மட்டும் திருத்தினேன்:

செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடவும்.