இருநூற்றுப் பன்னிரண்டு

ஓலு நகரில் ஜனவரிச் சூரியன்
பத்தரைக்கு வந்து
இரண்டரைக்கே கடையைக் கட்டிவிடும்.
எங்கள் ஆய்வறைக்கு அது ஒரு பொருட்டில்லை.
எந்நேரமும் மஞ்சள் விளக்கு,
தலையுறை, முகமூடி,
நடுவில் கண்கள் மட்டும் வேலைக்கு வந்திருக்கும்.

சிலிக்கான் பிடிவாதக்காரி.
மயிரிழையினும் மெல்லிசாகச் சீவினாலும்
கொஞ்சம் வளைவாள்,
பிறகு சொல்லாமல் கொள்ளாமல்
குறுக்கே ஒரு விரிசல்.
பதினேழு பட்டைகள் அப்படிப் போயின.
ஒவ்வொன்றையும் தீப்பெட்டியில் போட்டு
மேலே தேதி எழுதி வைத்தாள் இங்கெரி.

பதினெட்டாவதை
நாங்களே முந்திக்கொண்டு உடைத்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு சில்லுகள்;
ஒரு விளிம்பு மட்டும் ஒட்டியிருக்க
மறுவிளிம்பு அடுத்ததன் முதுகில்
சும்மா சாய்ந்திருக்கும்.
ஓடு வேய்ந்த மாதிரிதான்,
ஆனால் மூச்சுவிடுகிற கூரை.
அடியில் நெளிநெளியாய்ப் பொன் இழை.

வளைத்தோம்.
வழுக்கின, ஒன்றின்மேல் ஒன்று.
மறுபக்கம் வளைத்தோம்.
அவ்வளவுதான், சிலிர்த்துக்கொண்டு எழுந்து
இங்கெரியின் கம்பளிச் சட்டையில்
ஒரு நூலைக் கவ்விக்கொண்டன.
பிரித்தெடுக்க அரைமணி.
வாலிலிருந்து தலைக்குத் தடவினால்
மீனுக்கும் இதே கோபம்தான் வரும்.

மே கடைசியில்
தோர்னியோ ஆறு பனிக்கட்டியைத் தள்ளி முடித்திருந்தது.
மயக்க மருந்துத் தொட்டியில்
கடலுக்குக் கிளம்பிய ஒரு சால்மன் குஞ்சு.
தவுனோ பிடித்துக்கொள்ள
ஒட்டவேண்டிய இடத்தை மட்டும் சுரண்டினேன்.
செதிலை எடுத்துவிட்டுச்
செதில் வைக்கிறோம் என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

விட்டதும் திரையில்
ஒவ்வொரு வாலடிப்பும் ஒரு மேடு.
நாற்பத்தொரு மேடுகள்.
அப்புறம் நேர்கோடு.
பட்டை கழன்றதோ,
பெரிய மீன் எதுவும் விழுங்கிற்றோ.
'தொடர்பு இழப்பு' என்று
அறிக்கையில் எழுதினோம்,
அந்த ஆற்றுக்கு எங்களோடு
என்ன தொடர்பு இருந்தது போல.

கையுறையோடு ஒட்டி வந்திருந்தன
மூன்று நிஜச் செதில்கள்.
நுண்ணோக்கியில் வைத்தேன்.
வளையத்துக்குள் வளையம்:
கோடையில் தாராளமாய்த் தள்ளித் தள்ளி,
குளிரில் ஒடுங்கி
நெருக்கி நெருக்கி.
எண்ணினேன். மூன்று குளிர்காலம்.
பக்கத்தில் எங்களுடைய சில்லு ஒன்று.
வழுவழுவென்று
ஒரு நாளும் வாழாத முகம்.

இங்கெரி எட்டிப் பார்த்தாள்.
பத்தொன்பதாவது தீப்பெட்டியைத் திறந்து
மூன்று செதிலையும் உள்ளே போட்டாள்.
பேனாவைத் திறந்தவள்
எந்தத் தேதி எழுதுவது என்று
என்னைக் கேட்டாள்.