எட்டு

கொடிமலையின் முதுகுப்புறத்தில்
பாலிக் பூலாவுக்கு இறங்கும் வளைவில்
அந்தப் பூங்கா.
டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி ஒன்பது வருடம்.
மிச்சமிருந்த மிருகங்களுக்கு
யாரும் அதைச் சொல்லவில்லை.

அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும்
கொசுவத்திச் சுருளுமாய் நான் போனேன்.
மயில் கூண்டில் மயில் இல்லை, பெயர்ப்பலகை இருந்தது.
முதலைக் குட்டையில் பாசி,
அதில் ஒற்றைச் செருப்பு,
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளித் தொப்பி.
சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி மட்டும்
கழுத்து வெடிப்பில் ஆலங்கன்று முளைத்து
நலமாக இருந்தது.

கடைசிக் கூண்டில் மஞ்சா.
மலாயில் செல்லம் என்று பொருள்.
சூரியக் கரடி; நெஞ்சில் சூரியன், தலைக்கு மேல் தகரம்.
ஏழு அடி நடப்பாள். திரும்புவாள். ஏழு அடி.
சிமெண்டுத் தரையில் அவள் தடம்
மழைத்தண்ணீர் நிற்கும் ஆழத்துக்கு இறங்கியிருந்தது.
பத்தொன்பது மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டேன்.
அளவெடுக்கிறவள் வேறென்ன செய்வாள்?
அடி என்றால் நீளம். அடி என்றால் காலடி.
அடி என்றால் வாங்குவதும்தான்.
வரைபடத்தில் மூன்றுக்கும்
ஒரே கோடுதான் போட முடிகிறது.

கூட்டத்தில் ஊய் சார் கண்ணாடிப் பாலம் கேட்டார்,
காப்பிக்கடை கேட்டார்,
செல்ஃபி எடுக்க ஒரு விளிம்பு,
அதற்கு நேர் கீழே கரடி நிற்க வேண்டும்
பத்து மணியிலிருந்து நான்குவரை.
ரொஸ்னா, பதினாறு வருடமாய்த் தீனி வைப்பவள்,
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள்,
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அவள் ஒளிந்துகொள்ள இடம் எங்கே, மிஸ்?"
எல்லோரும் வரைபடத்தில் தேடினோம்.
கழிப்பறை நான்கு இருந்தன.

அன்றிரவு ஜெலுத்தோங் வீட்டில்
கிழக்கு மூலையை அழித்தேன்.
பாலம் போனது. காப்பிக்கடை வாசலுக்கு நகர்ந்தது.
ரப்பர் துகளை ஊதிவிட்ட இடத்தில்
விழுந்து கிடக்கும் மரம், கறையான் புற்று, புதர்,
பார்க்க வந்தவர்க்கு எதுவும் தெரியாத
ஒரு பெரிய பச்சை.
பாதிப் பணம்தான் வந்தது, பாதிதான் கட்டினோம்.
மிச்சத்தை லாலாங் புல் கட்டிக்கொண்டது.

அவளை விட்ட நாள்,
கதவு திறந்து நாற்பது நிமிடம் வரவில்லை.
வந்தாள். மண்ணை முகர்ந்தாள்.
ஏழு அடி நடந்தாள்.
எதிரே ஒன்றுமில்லை, அரை ஏக்கர் காடு.
சுவரில் முட்டியவள்போல் தலையை இறக்கித்
திரும்பினாள்.

டிசைனில் பிழை எங்கே என்பதுபோல்
ஊய் சார் என்னைப் பார்த்தார்.
நானும்தான் தேடினேன்.
வெளிக்கம்பியை அறுக்கக் குத்தகைக்காரர் வருகிறார்.
உள்ளே நின்றுவிட்ட கம்பிக்கு
டெண்டர் விட
எந்த இலாகாவும் இல்லை.

சனிக்கிழமைதோறும் போனேன்.
ஏழு. திரும்பல். ஏழு.
புது மண்ணிலும் பழைய தடம் இறங்கத் தொடங்கியது.

ஜூனில் டுரியான் காலம்.
பக்கத்துத் தோட்டத்துக் கிளையொன்று வேலிக்கு மேல் நீண்டிருந்தது.
வெட்டச் சொல்லி என் அறிக்கையிலேயே இருக்கிறது,
யாரும் வெட்டவில்லை.
ராத்திரி மழையில் ஒரு பழம் விழுந்திருக்கிறது,
தடம் முடிகிற இடத்துக்கு அப்பால்.

காலையில் ரொஸ்னா போன் செய்தாள்.
வாங்க என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.
ஓடு பிளந்து கிடந்தது. சுளை இல்லை.
கொட்டைகூட நக்கித் துடைத்ததுபோல்.
மண்ணை மழை கழுவியிருந்தது, காலடி இல்லை.
மரநாயாக இருக்கலாம். குரங்காக இருக்கலாம்.
மஞ்சா வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தாள்.
மூக்கோரத்து மஞ்சள்
அவளுக்குப் பிறவியிலேயே உண்டு.

ரொஸ்னா ஓட்டைக் கூட்டி எடுக்கவில்லை.
நான் மண்டியிட்டுத்
தடத்தின் முனையிலிருந்து முதல் முள்வரை
நாடாவை இழுத்தேன்.
நோட்டைத் திறந்தேன்.
மீட்டரா, அடியா?

ஓர் எட்டு
என்று எழுதினேன்.