உள்மடிப்பு

டிசம்பரில் என் தையல் கடை முழுக்கச் சிவப்பு.
மாலை போடுகிற பெண்களின் ஜாக்கெட்டுகள்,
கொக்கி வைக்காமல் இன்னும் நாற்பது.
அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் உள்ளே வந்தாள்
யோவான்னா.
மூக்கண்டப்பள்ளி கம்பெனியில்
மெஷின் மாட்ட வந்தவரின் மனைவி.
ஊர் போலந்து.
போனில் ஒரு படம் காட்டினாள்:
தாடிக்காரர், நீள அங்கி,
கோபுரம் மாதிரித் தொப்பி.
"ஆறாம் தேதி. இருபது குழந்தை."
எனக்கு இங்கிலீஷ் அவ்வளவுதான் வரும்,
அவளுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
மீதியை இஞ்ச் டேப் பேசியது.
அவள் புருஷன் ஆறடி மூன்று இஞ்ச்.
மூன்று ஜாக்கெட் துணி ஒரு கைக்கே போனது.

அவர்கள் ஊரில்
முதல் நாள் ராத்திரி பிள்ளைகள்
பூட்ஸைத் துடைத்து ஜன்னலோரம் வைப்பார்களாம்.
விடிந்தால் உள்ளே மிட்டாய் இருக்குமாம்.
"செருப்புக்குள்ளயா தின்ற பொருள்?"
முகம் சுளித்தாள் எதிர்வீட்டு வெங்கடலட்சுமி.
தெலுங்கில் சுளித்ததால்
அது வாழ்த்தாகப் போய்ச் சேர்ந்தது.

ஆறாம் தேதி சாயங்காலம்.
ஓசூரில் ஐந்தரைக்கே பனி இறங்கிவிட்டது.
யோவான்னா போனில் அவள் தங்கை வீட்டுக் கூரையைக் காட்டினாள்,
உப்பு கொட்டிய மாதிரி.
"இதுக்கு உங்கள் பாஷையில்?"
"பனி."
"அப்போ வெளியே இருப்பது?"
அதுவும் பனிதான், என்ன செய்ய.

பிள்ளைகள் வந்தார்கள்.
தமிழ், தெலுங்கு, கன்னடம்,
ஒடியா பேசும் வாட்ச்மேன் மகன் சிபுன்.
ஒருத்தர் விடாமல்
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்கள்.
"இவர்களுக்கு யார் சொன்னது?" என்றாள்,
அந்தக் குவியலைப் பார்த்தபடி.
யார் சொல்ல வேண்டும்?

ஆறு மணிக்குப் போன்.
லைன் நின்றுவிட்டது, மெஷினை விட்டு வர முடியாது.
சோபாவில் அங்கி கிடந்தது.
அவள் அங்கியைப் பார்த்தாள்,
அப்புறம் என்னை.
நான் நாலடி பத்து.

ஒன்றரை அடி மேலே மடித்து ஊசி குத்தினேன்.
தலையணைப் பஞ்சில் தாடி. மீசை வாய்க்குள் போனது.
ஹாலில் போய் நின்றதும் இருபது வாயும் மூடியது.
'இந்த வருஷம் நல்ல பிள்ளையா இருந்தியா'
என்று கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்திருந்தாள்.
பதினெட்டு வருஷப் பழக்கம்,
வாயில் வந்தது இதுதான்:
"அளவு ஜாக்கெட் கொண்டுவந்தியா?"

"டைலர் அக்கா!" கத்தினாள் ரக்‌ஷிதா.
"கழுத்துல டேப்பு பாரு!"

ஓடு பறக்கிற சிரிப்பு.
யோவான்னாவின் மகள் ஹன்யா மட்டும் சிரிக்கவில்லை.
நாலு வயசு.
கிட்டே வந்து அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு
அவள் பாஷையில் என்னவோ கேட்டாள், நீளமாக.
ஒரு சொல்லும் புரியாமல்
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வெளியே யோவான்னா
ஒவ்வொரு செருப்பிலும்
ஒரு கமலா ஆரஞ்சு, ஒரு கடலை மிட்டாய் வைத்திருந்தாள்.
ரப்பர் செருப்பில் ஆரஞ்சு எங்கே நிற்கும்?
படியிறங்கி உருண்டன.
எறும்பு வந்தது.
சிபுனின் இடது செருப்பை மிட்டாயோடு
தெருநாய் தூக்கிப்போனது.
அவன் அழவில்லை,
நொண்டி ஆட்டம் என்று அறிவித்துவிட்டான்.
முகம் சுளித்த வெங்கடலட்சுமிதான்
ஆரஞ்சுகளைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து,
அடுத்த பிள்ளை, அடுத்த பிள்ளை என்று
கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன்,
ஹன்யா என்ன கேட்டாள் என்று.
யோவான்னா காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:
"அப்பாவை மெஷினிடமிருந்து
வாங்கித் தரச் சொன்னாள்.
நீ சரி என்றாய்."

தையல் கூலி ஐந்நூறு வாங்கிக்கொண்டேன்.
தாடிக்குக் கூலி இல்லை.

போன வாரம் அங்கியைக் கொண்டுவந்தாள்.
"உன் அளவுக்கே குறைத்துவிடு."
மே மாதம் அவர்கள் காண்டிராக்ட் முடிகிறது.
நீட்டித்தாலும் நீட்டிப்பார்களாம்.
குறைத்தேன்.
வெட்டவில்லை.
ஒன்றரை அடியும் உள்ளே மடிந்து கிடக்கிறது,
பிரிக்க வசதியாகப் பெரிய தையலில்.
நான் தலையாட்டியிருக்கிறேன் இல்லையா.