தராசு, கொப்பரை, ஐஸ், பின்வாசல்

மோர்ப்பண்ணையில் கரண்டு போனால்
முதலில் ஃபேன் நிற்கும்.
அப்புறம் நண்டுச் சதை எடுக்கும் கைகள், ஒரு நொடி.
அப்புறம் எல்லா முகமும் என் பக்கம் திரும்பும்
நான்தான் ஏதோ வயரைப் பிடுங்கிவிட்டதைப் போல.

கரண்டு திரும்பி வரும்போது
நாலு கேமராவும் நாலு விதமாய்க் கண் விழிக்கும்.
எது முந்துகிறதோ அதற்குப் பூஜ்யம்.
அடுத்ததற்கு இரண்டு. பிறகு நான்கு. ஆறு.
இடையில் ஒற்றைப்படை எண்களும் உண்டு,
திறந்தால் உள்ளே படமில்லை.
ஏனென்று முதலாளி கேட்டார்.
அன்றைக்கு எனக்கும் தெரியாது.

நேற்றுத் தராசைப் பார்த்த பூஜ்யம்
இன்றைக்கு ஐஸ் அறையைப் பார்க்கும்.
கொப்பரையின் பேரில்
ஒரு பொட்டு ஆவியில்லாமல்
பின்வாசல் வெயில் பதிவாகிக்கொண்டிருக்கும்.
கம்ப்யூட்டருக்கு இதில் வெட்கம் கிடையாது.
வந்த வரிசைக்கு டோக்கன் கிழிக்கும்
ஆஸ்பத்திரி ஜன்னல் அது.
யாருக்கு என்ன நோவு என்று கேட்காது.

ஆடி அமாவாசைக்கு முந்தின வியாழன்
டவர் காளீஸ்வரிக்கு மூன்று கிலோ குறைந்தது.
சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.
"பதினொண்ணு அறுநூறு போட்டேன்,
எட்டு அறுநூறுன்னு எழுதியிருக்கான்."
எடை எழுதும் நம்புராஜன்
பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தான்.
உதுமான் கனி முதலாளி
பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:
"தராசுக் கேமராவப் போடும்மா."

போட்டேன்.
வியாழன் காலை ஒன்பது பத்து.
தராசு என்று எழுதிய கட்டத்தில்
ஒரு செவலை நாய்
நண்டு ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில்
நாலு காலையும் நீட்டித் தூங்கியது.
ஒன்பது இருபது. நாய்.
ஒன்பது நாற்பத்தைந்தில் காதை மட்டும் அசைத்தது.
ஷெட்டே சிரித்தது.
காளீஸ்வரி சிரிக்கவில்லை.

அன்றைக்குத் தராசு
கொப்பரையின் பேரில் பதிந்திருக்க வேண்டும்.
கொப்பரையை ஒரு நாளுக்குமேல் வைத்திருக்க வேண்டாம்,
தண்ணி கொதிப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று
அழிக்கச் சொல்லி வைத்தது நான்தான்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி ஷெட்டிலேயே உட்கார்ந்தேன்.
நாலும் ஒரே கம்பெனி, ஒரே அட்டைப்பெட்டி.
உடம்பில் பொறித்த எண்ணை வைத்துப் பேர் கட்டலாமென்றால்
நாலுக்கும் அதே எண்.
தொள்ளாயிரம் ரூபாய்க்குத்
தனி அடையாளமெல்லாம் தரமாட்டார்கள்.

எங்கள் ஷெட்டுக்கு வரும் காளீஸ்வரிகள் ஐந்து பேர்.
டவர், கிணத்தடி, ரேஷன்கடை, மேலத்தெருவில் இரண்டு.
அந்த இரண்டில் ஒருத்தி
போன மாசம் தொண்டிக்கு வாக்கப்பட்டுப் போனதால்
இப்போது நாலு.
இருக்கும் இடத்தைச் சேர்த்துக் கூப்பிட்டால்
சரியான ஆள் திரும்புகிறாள்.
அதைப் பார்த்துத்தான் எனக்கு வழி உறைத்தது
என்று எழுத ஆசைதான்.
உண்மையில் கையேட்டில் இருந்தது.

எந்தப் பொந்தில் செருகியிருக்கிறதோ அதுவே பேர்.
1-1.3 தராசு. 1-1.4 கொப்பரை.
நாலாவது வரியில் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போய்
இரண்டு மணிவரை ஒன்றும் நடக்கவில்லை.
வெளியே நண்டுவலை எடுக்க
வத்தைகளைத் தள்ளும் சத்தம்.
குறியைப் போட்டேன்.
இனி அடியில் எண்கள் இஷ்டத்துக்குப் புரளட்டும்,
பேர் ஓடிப்போய் உரியதைப் பிடித்துக்கொள்ளும்.
மெயினை நானே அணைத்து அணைத்துப் போட்டேன்.
ஏழு தடவை.
ஏழு தடவையும் தராசு தராசாகவே எழுந்தது.

விடிந்ததும் பூமயிலிடம் நகப்பூச்சு வாங்கி
பொந்துகளுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
செல்லுக்குச் சார்ஜ் போட இதைப் பிடுங்காதீர்கள் என்று
எழுதியும் ஒட்டினேன்.
ஒட்டிய அன்றே நம்புராஜன் பிடுங்கினான்.
புள்ளியை எண்ணித் திரும்பச் செருகத் தெரிந்திருந்தது.

முதலாளி ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கொடுத்தார்.
காளீஸ்வரி எண்ணாமல் முடிந்துகொண்டாள்.
பின்வாசலில் நாய் தன் பேரிலேயே தூங்குகிறது.

இப்போதெல்லாம் கூடையை இறக்குமுன்
அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாள்:
"இது எது?"
"தராசு."
"நேத்தும் இதேதானா?"
"நேத்தும் இதேதான்க்கா."