எண்பத்தெட்டில் மூன்று பி

ஆவணி அமாவாசைக்குக் கடலில் இறங்கி
மூன்றாம் நாள் சாக்கோடு கரையேறினால்
பாசி காயப்போடும் மணலில்
கல் ஊன்றியிருந்தது.
நாற்பத்தொரு கல். மூன்று வரிசைக் கம்பி.
கல்லில் சுண்ணாம்பு இருந்தது, பேர் இல்லை.

"யாரு இடம்டி இது?" என்றாள் சேதுராக்கு.
இருபத்திரண்டு வருஷமாய் அதில் நடந்தவள் நான்.
அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி
காலில் குத்தியது.

புறம்போக்கு என்றாள் ஒருத்தி.
ஜமீன் காலத்து இடம் என்றார் டீக்கடைக்காரர்.
கம்பெனி வாங்கிவிட்டது என்றார் சங்கத்துக்காரர்,
எந்தக் கம்பெனி என்றால்
கையை வடக்கே வீசினார்.
தலையாரி பூவலிங்கம் வண்டியை நிறுத்தாமலே சொன்னார்:
"பட்டா நிலம்தான். தனியார்."

தனியார்.
அப்படி ஒரு ஆள் இருப்பதுபோல,
அவருக்குத் தகப்பன் பேரும் கதவு எண்ணும் இருப்பதுபோல
தனியாரைத் தேடிக்
கடலாடிக்குப் பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டர் கடைப் பையன் புல எண் கேட்டான்.
மணலுக்கு எண் உண்டென்று அறியாதவள்
அடையாளம் சொன்னேன்:
ஒற்றைப் பனைக்குத் தெற்கே,
உடைந்த வள்ளத்துக்கு மேற்கே,
ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு இப்பால்.
அவன் திரையில் பனை இல்லை.

கிராம நிர்வாக அலுவலர் சின்னப் பெண்,
முசிறிப் பக்கமாம், மீன் வாடை இன்னும் பழகவில்லை.
என் சேலையிலிருந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுப்
புலப்படத்தை விரித்தாள்.
அவள் விரல் வரப்பு வரப்பாய் நடந்து
எண்பத்தெட்டில் மூன்று பி-யில் நின்றது.
படத்தில் கடல் எங்கோ தொலைவில் கிடந்தது.
"இப்ப கல்லுக்கே வந்துருச்சேம்மா" என்றேன்.
"அளந்த வருஷம் அப்படி" என்றாள்.

பட்டாதாரர்: செய்யது பாத்துமுத்து,
கணவர் பெயர் சீனி மரைக்காயர்,
மற்றும் சிலர்.
"சிலர்னா யாரும்மா?"
"சிலர்தான்" என்றாள்,
அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கீழக்கரையில் முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு நாள் மரிக்கொழுந்துப் பாசிக் காசு போனது.
வில்லங்கம் ஏதும் இல்லை என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
ராக்கு அதை வாங்கி
கம்பிக்கு எதிரே பிடித்துக் காட்டினாள்.
"படிச்சுக்க" என்றாள் கம்பியிடம்.

மறுபடி கீழக்கரை. தெருத்தெருவாய் பாத்துமுத்து.
பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்
"அவுக மௌத்தாகிப் பதினெட்டு வருஷமாச்சே" என்றார்.
தண்ணீர் கொடுத்தார்.
பேத்தியின் நம்பரைத்
தொதல் டப்பா மூடியில் எழுதித் தந்தார்.
பஸ் முழுக்க விரலில் நெய் வாசம்.

தாம்பரத்தில் எடுத்தாள் ரிஜ்வானா.
"எங்களுக்கு அங்க இடம் இருக்கா?"
பின்னால் குக்கர் மூன்று விசில் அடித்தது.
"கல்லு நாங்க போடலையே."
அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை.
கட் ஆகிவிட்டதென்று நினைத்தேன்.
"அங்கேர்ந்து பார்த்தா கடல் தெரியுமா அக்கா?"
"தெரியும்.
உங்க இடத்துக்குள்ளயே கொஞ்சம் கடல் இருக்கு."

சிரித்தாளா அழுதாளா, டவர் சரியில்லை.

நிலத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று.
கல்லுக்கு இன்னும் இல்லை.
மனு உரிமையாளர்தான் கொடுக்கணும் என்கிறது ஆபீஸ்,
உரிமையாளருக்கு லீவு கிடைக்கணும்,
சிலரில் ஒருவர் கொழும்பில், ஒருவர் பினாங்கில்,
ஒருவர் பேச்சு வார்த்தையில்லாமல் அடுத்த தெருவில்.

அதுவரை கஞ்சிப்பாசியைக்
கம்பியிலேயே தொங்கப்போட்டோம்.
மணல் ஒட்டவில்லை. கச்சான் காற்றுக்கு
ஒரே நாளில் மொடமொடவென்று காய்கிறது.
வியாபாரி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போட்டான்.
எவன் ஊன்றினானோ, கம்பி நல்ல கம்பி.

போட்டோ கேட்டிருந்தாள் ரிஜ்வானா.
நாலு மூலைக் கல்லும் தெரியப்
பின்னால் போய்ப் போய்
இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்தேன்.
வேண்டாமென்றாலும் ராக்கு நடுவில் வந்து
தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

ராத்திரி பதில் வந்தது:
நடுவில் நிற்பது யாரு?

ராக்கு, என்று அனுப்பினேன்.